எம்.எஸ்.விஸ்வநாதன் நமக்கு விட்டுப்போனது என்ன?

உங்கள் கேள்வியை எனக்குப் புரிந்த விதத்தில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். வீட்டில் அப்பா எம்.எஸ்.விஸ்வநாதன் பாட்டுகளாகவே போடுவார், கேட்டுக் கேட்டு வளர்ந்தீர்கள். ஆனால் உங்கள் காதுக்கு எல்லாம் ஒரே மாதிரி, கொஞ்சம் மங்கலாகக் கேட்கிறது. 'மெல்லிசை மன்னர் விட்டுச்சென்ற மரபு' என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது இன்றைக்கும் எங்காவது உயிரோடு இருக்கிறதா, இல்லை ஒரு தலைமுறையின் ஏக்கம்தானா என்று கேட்கிறீர்கள். கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: அவரோடு இரட்டையராக இசையமைத்த ராமமூர்த்தியை விட்டுவிட்டு எம்.எஸ்.வி.யை மட்டும் பேசுவது நியாயமா? அந்தக் கடைசி வரியைப் பார்த்துத்தான் விரிவாகவே எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் 34 வருடமாக மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு வாசிப்பவன். அதற்கு முன்னால் சில வருடம் ஆர்மோனியம். கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு, கோடை விழா என்று மேடை கிடைத்த இடத்திலெல்லாம் வாசித்திருக்கிறேன். எங்கள் குழுவில் பழைய பாட்டுகளுக்கு நோட்ஸ் எழுதுவது என் வேலை. ஆடியோவைத் திரும்பத் திரும்பக் கேட்டு, ஃப்ளூட் என்ன வாசிக்கிறது, வயலின் எங்கே நுழைகிறது, பேஸ் எங்கே மாறுகிறது என்று பிரித்து எழுதி ஒவ்வொருவருக்கும் தாள் கொடுப்பேன். எம்.எஸ்.வி. நடத்திய ஒலிப்பதிவு எதிலும் நான் உட்கார்ந்ததில்லை. அதனால் இங்கே சொல்லப்போவது காதால் கண்டது, கையால் வாசித்துப் புரிந்துகொண்டது, பதிவில் இருக்கும் தகவல்கள், அவ்வளவுதான்.

முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடலாம். தமிழ்நாட்டில் நீங்கள் பள்ளிக்கூடம் போயிருந்தால் எம்.எஸ்.வி.யின் மெட்டு ஒன்றை ஆயிரம் தடவைக்கு மேல் பாடியிருப்பீர்கள். 'நீராருங் கடலுடுத்த' என்று தொடங்கும் தமிழ்த்தாய் வாழ்த்துதான் அது. வரிகள் மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை எழுதியவை, நாடக நூல் வெளிவந்தது 1891-ல். அரசு அதைத் தமிழ்த்தாய் வாழ்த்தாக எடுத்துக்கொண்ட 1970-ல், அந்த வரிகளுக்கு ஏறத்தாழ 80 வயது ஆன பிறகு, மெட்டமைத்தவர் எம்.எஸ்.வி. மோகன ராகம், மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ர நடை. 2021-ல் அதை மாநிலப் பாடலாக அறிவித்தபோது 55 விநாடிகளில் பாடி முடிக்க வேண்டும் என்று அரசாணையே சொல்லிவிட்டது. மோகனத்துக்கு ஏறுவதற்கு ஐந்து ஸ்வரம், இறங்குவதற்கும் அதே ஐந்து. மத்யமம், நிஷாதம் இரண்டும் கிடையாது, அதனால் சங்கீதம் படிக்காத குரல் இடறி விழக்கூடிய இடங்கள் குறைவு. காலை வெயிலில் வரிசையில் நிற்கும் ஐந்நூறு குழந்தைகள், சுதிப்பெட்டி கூட இல்லாமல், பக்கத்துப் பையன் குரலைப் பிடித்துக்கொண்டே பாடி முடித்துவிட முடிகிறது. அந்தப் பாட்டை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'நீராருங், கடலுடுத்த, நிலமடந்தை' என்று சீர் பிரியும் இடத்தில்தான் மெட்டும் பிரியும். வார்த்தையை நடுவில் உடைத்து ராகத்துக்காக இழுக்கும் வேலை கிடையாது. இதை யாரும் 'எம்.எஸ்.வி. பாட்டு' என்று நினைத்துப் பாடுவதில்லை. இசையமைத்தவன் பெயர் மறந்து மெட்டு மட்டும் ஊருக்குச் சொந்தமாவதைவிடப் பெரிய வாழ்வு ஒரு மெட்டுக்கு இருக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த 'சீர் பிரியும் இடத்தில் மெட்டு பிரிவது' என்பதைத்தான் அவருடைய மரபின் நடுப்புள்ளி என்று நினைக்கிறேன். கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். 1962-ல் வந்த 'சுமைதாங்கி' படத்தில் பி.பி.ஸ்ரீனிவாஸ் பாடிய 'மயக்கமா கலக்கமா'. எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்த ஒரு பையன், 22 வயது, நல்ல குரல், ஒத்திகையில் இந்தப் பாட்டை எடுத்தான். சுதி சுத்தம், தாளம் சுத்தம், ஆனால் பாட்டு வரவில்லை. எங்கேயோ வழுக்கிக்கொண்டே போனது. எங்கள் தபேலாக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், வாசிப்பை நிறுத்திவிட்டு, "தம்பி, பாடாதே. என்னைப் பார்த்துக் கேளு. எனக்கு மயக்கமான்னு கேளு. பதில் வருதான்னு பாத்துட்டு அடுத்ததைக் கேளு" என்றார். பையன் அப்படியே கேட்டான். இரண்டாவது தடவையில் பாட்டு வந்துவிட்டது. நான் வீட்டுக்குப் போய் அந்த வரியை அலகிட்டு, அதாவது யாப்பின்படி அசை பிரித்துப் பார்த்தேன். மயக்கமா, கலக்கமா, மனதிலே, குழப்பமா. நான்கும் கருவிளம் என்ற ஒரே வாய்பாடு. ஒரே அளவுள்ள நான்கு சீர்களைக் கண்ணதாசன் கொடுத்திருக்கிறார். அந்தக் கேள்விகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, ஒருவன் தன்னையே கேட்டுக்கொண்டு பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தை மெட்டு நடுவில் விட்டுவைத்திருக்கிறது. எங்கள் பையன் அந்த நேரத்தைத்தான் அவசரத்தில் விழுங்கிக்கொண்டிருந்தான்.

இதே பாட்டைப் பற்றி வாலி பலமுறை சொல்லியிருக்கிறார். சினிமா வாய்ப்பு கிடைக்காமல் சென்னையை விட்டே கிளம்பிவிட இருந்த நேரத்தில், பி.பி.ஸ்ரீனிவாஸ் அந்தப் பாட்டைப் பாடிக் காட்டக் கேட்டுத் தங்கிவிட்டதாக. பிறகு அதே வாலி எம்.எஸ்.வி.யோடு சேர்ந்து எத்தனை பாட்டு எழுதினார் என்பது உங்கள் அப்பாவுக்குத் தெரியும். அவற்றில் ஒன்று 1968-ல் 'உயர்ந்த மனிதன்' படத்தின் 'அந்த நாள் ஞாபகம்'. டி.எம்.சௌந்தரராஜன் பாடுகிறார், நடுநடுவே மேஜர் சுந்தரராஜன் பேசுகிறார். இரண்டு பழைய நண்பர்கள் ஓடி, மூச்சிரைத்து, சிரித்து, பேசிக்கொண்டே பாட்டுக்குள் போய்விட்டு வெளியே வருகிறார்கள். பேச்சு எங்கே முடிந்து பாட்டு எங்கே தொடங்கியது என்று கோடு போடுவது கஷ்டம். மேடையில் இதை வாசிக்கும்போது எங்களுக்குப் பயம் இசையில் இல்லை, பேச்சில்தான். பேசுகிறவர் அரை விநாடி தாமதித்தால் மொத்தப் பாட்டும் தள்ளாடும்.

மெட்டுக்குப் பாட்டா, பாட்டுக்கு மெட்டா என்று எப்போதும் ஒரு விவாதம் நடக்கும். எம்.எஸ்.வி. இரண்டு வழியிலும் போயிருக்கிறார். கண்ணதாசன் எழுதிக் கொடுத்த வரிக்கு மெட்டுப் போட்டதும் உண்டு, இவர் சொல்லில்லாமல் 'தன்னன்னா' என்று தத்தகாரத்தில் பாட அவர் சொற்களை அடுக்கியதும் உண்டு. (இருவருக்கும் பிறந்த நாள் ஜூன் 24. கவிஞர் 1927, இவர் 1928.) அந்த வேலை எப்படி நடக்கும் என்று பார்க்க ஆசையாக இருந்தால் 1980-ல் வந்த 'வறுமையின் நிறம் சிவப்பு' படத்தில் 'சிப்பி இருக்குது' பாட்டைப் பாருங்கள். நாயகி சொல்லில்லாமல் சந்தத்தை மட்டும் கொடுக்கிறாள், நாயகன் அதே அளவில் சொற்களை வைத்துப் பாடுகிறான். எஸ்.ஜானகியும் எஸ்.பி.பாலசுப்ரமணியமும் பாடியது, கண்ணதாசன் வரிகள். காதல் காட்சியாக வைத்திருந்தாலும், மெட்டுப் போடும் அறையில் இசையமைப்பாளரும் கவிஞரும் எதிரெதிரே உட்கார்ந்து செய்யும் காரியம் அதில் அப்படியே திரைக்கு வந்திருக்கிறது. தமிழில் மெட்டு என்பதும் சந்தம் என்பதும் ஒரே எலும்புக்கூட்டின் இரண்டு பெயர்கள் என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

இப்போது உங்கள் 'எல்லாம் ஒரே மாதிரி, மங்கலாக இருக்கிறது' என்ற புகார். அது உங்கள் காதின் குறை இல்லை. 1950, 60-களின் பாட்டுகள் ஒரே தடத்தில், மோனோவாகப் பதிவானவை. வயலின், தபேலா, பாங்கோஸ், அக்கார்டியன், கோரஸ், பாடகர் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே கூடத்தில். இன்றைக்கு மாதிரி ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியாக எடுத்து, பிறகு கூட்டிக் குறைத்துக் கலப்பதற்கு வழியில்லை. ஃப்ளூட் சத்தம் குறைவாக வேண்டுமா, அவரை மைக்கிலிருந்து தள்ளி உட்காரவை. நாலாவது நிமிடத்தில் ஒரு வயலின் பிசகினால் எல்லோரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். அதனால் அந்தப் பதிவுகளில் பளபளப்பு குறைவு, ஆனால் எல்லோரும் ஒரே மூச்சில் வாசிக்கும் ஒரு இறுக்கம் உண்டு. 1964-ல் வந்த 'சர்வர் சுந்தரம்' படத்தில் 'அவளுக்கென்ன அழகிய முகம்' பாட்டு ஒலிப்பதிவுக் கூடத்திலேயே நடப்பதாகக் காட்டுவார்கள். மைக் முன்னால் டி.எம்.எஸ்., நடுவில் கையசைத்து நடத்திக்கொண்டு எம்.எஸ்.வி., சுற்றிலும் வாத்தியக்காரர்கள். அது கேமராவுக்காக எடுத்த காட்சிதான், உண்மையான பதிவு நேரம் இல்லை. இருந்தாலும் யார் எங்கே உட்காருவார்கள், எப்படிப் பார்த்துக்கொள்வார்கள் என்பதைக் காட்டும் இப்படி ஒரு துண்டுப்படம் தமிழ் சினிமாவில் அரிது. எங்கள் குழுவில் புதிதாக பாங்கோஸ் வாசிக்க வருகிறவர்களுக்கு நான் முதலில் போட்டுக் காட்டுவது அதைத்தான்.

ஒரே மாதிரி இருப்பதாகத் தோன்றினால் ஒரே படத்தின் இரண்டு பாட்டை அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். 1964-ல் ஸ்ரீதர் இயக்கிய 'கலைக்கோவில்' படத்தில் 'தங்கரதம் வந்தது' என்று ஒன்று. பாலமுரளிகிருஷ்ணாவும் பி.சுசீலாவும், சுத்தமான ஆபோகி ராகம். அதே படத்தில் 'வர வேண்டும் ஒரு பொழுது' என்று எல்.ஆர்.ஈஸ்வரி பாடியது, இரவு விடுதியில் கேட்கும் மேற்கத்திய பாணி. அதே ஆண்டு 'கர்ணன்' வந்தது. புராணப் படம் என்றால் கர்நாடக ராகங்களில் கனமாகப் பாட வேண்டும் என்ற பழக்கத்துக்கு நடுவில், வடநாட்டு அரண்மனையின் மணம் வர வேண்டும் என்று இந்துஸ்தானி ராகங்களையும் அதன் வாத்தியங்களையும் உள்ளே கொண்டுவந்தார்கள். 'இரவும் நிலவும்' பாட்டை வாசிக்கும்போது எங்கள் ஷெனாய்க்காரர் முகம் மாறிவிடும், அவருக்கு அன்றைக்கு அதுதான் பண்டிகை. ஐந்து வருடம் கழித்து 'சிவந்த மண்' படத்தில் 'பட்டத்து ராணி', சவுக்கடிச் சத்தமே தாளத்தின் பங்காக வருகிறது. இன்னும் ஆறு வருடம் கழித்து 1975-ல் 'அபூர்வ ராகங்கள்'. கே.பாலசந்தர் கேட்டது படத்தின் பெயருக்கேற்ற, யாரும் கேட்டிராத ராகம். 'அதிசய ராகம்' பாட்டை எம்.எஸ்.வி. தொடங்கியது மகதியில். பாலமுரளிகிருஷ்ணா உருவாக்கிய, நான்கே ஸ்வரங்கள் கொண்ட ராகம் அது. நான்கு ஸ்வரத்தை வைத்துக்கொண்டு ஒரு முழு சினிமாப் பாட்டு, அதுவும் தெருவில் போகிறவன் முணுமுணுக்கும்படி. கீபோர்டில் அந்த நான்கு கட்டைகளை மட்டும் தொட்டு ஐந்து நிமிடம் எதையாவது வாசித்துப் பாருங்கள், எவ்வளவு சீக்கிரம் கை தடுமாறுகிறது என்று தெரியும். அவரும் கடைசிவரை மகதியிலேயே நிற்காமல் முடிவில் பைரவிக்குப் போய்விடுகிறார், வரியும் அங்கே பைரவி என்ற பெயரில்தான் முடிகிறது.

ராகப் பெயர்களைப் பற்றி ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இணையத்தில் எம்.எஸ்.வி. பாட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு ராகச் சீட்டு ஒட்டிப் பட்டியல் போடுகிறார்கள். மேலே சொன்ன ஆபோகி, மகதி போன்றவற்றில் சந்தேகமில்லை. ஆனால் பெரும்பாலான பாட்டுகளில் அவர் ராகத்தைப் பிடித்துக்கொண்டு வந்து, வார்த்தையின் உணர்ச்சி கேட்கும் இடத்தில் அந்த ராகத்தில் இல்லாத ஒரு அந்நிய ஸ்வரத்தைத் தயங்காமல் போட்டுவிடுவார். அந்த ஒரு ஸ்வரத்துக்காகத்தான் பாட்டே நினைவில் நிற்கும். நோட்ஸ் எழுதும்போது ராகத்தை நம்பி எழுதினால் கட்டாயம் தப்பு வரும், நான் நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். ராகப் பெயர் பாட்டுக்குள் போக ஒரு வாசற்படி, அதற்குமேல் அதை நம்ப வேண்டாம்.

ராமமூர்த்தி விஷயத்துக்கு வருகிறேன். உறுதியாகத் தெரிந்தவை முதலில். விஸ்வநாதன் பாலக்காடு பக்கம் எலப்புள்ளியில் பிறந்தவர், கண்ணூரில் நீலகண்ட பாகவதரிடம் பாட்டுப் படித்தவர், ஜூபிடர் நிறுவனத்தில் எடுபிடி வேலையில் தொடங்கி எஸ்.எம்.சுப்பையா நாயுடுவின் நிழலில் ஆர்மோனியத்தோடு வளர்ந்தவர். ராமமூர்த்தி திருச்சிக்காரர், வயலின் குடும்பம், இவரைவிட ஆறு வயது மூத்தவர். இருவரும் சேர்ந்தது சி.ஆர்.சுப்பராமனின் குழுவில். 1952-ல் சுப்பராமன் இளம் வயதில் இறந்துபோக, அவர் பாதியில் விட்ட படங்களை இவர்கள் முடித்தார்கள். அதே ஆண்டு என்.எஸ்.கிருஷ்ணனின் 'பணம்' படத்தில் இரட்டையராகப் பெயர் போட்டார்கள். 1963-ல் மெல்லிசை மன்னர்கள் என்ற பட்டம் இருவருக்கும் சேர்த்துத்தான் கிடைத்தது. 1965-ல் 'ஆயிரத்தில் ஒருவன்' வந்த பிறகு பிரிந்தார்கள். முப்பது வருடம் கழித்து 1995-ல் 'எங்கிருந்தோ வந்தான்' படத்துக்கு மறுபடி சேர்ந்தார்கள். ராமமூர்த்தி 2013-லும் விஸ்வநாதன் 2015-லும் காலமானார்கள். இவையெல்லாம் பதிவில் இருப்பவை. 'பாவ மன்னிப்பு', 'பாசமலர்', 'பாலும் பழமும்', 'நெஞ்சில் ஓர் ஆலயம்', 'கர்ணன்', 'காதலிக்க நேரமில்லை', 'புதிய பறவை' என்று நாம் எம்.எஸ்.வி. கணக்கில் போடும் பாதிப் பொக்கிஷம் இருவர் பெயரில் வந்தது. அதைச் சொல்லும்போது ஒரு பெயரை விழுங்குவது தவறு, நீங்கள் கேட்டது நூற்றுக்கு நூறு நியாயம்.

சந்தேகம் தொடங்குவது அதற்கடுத்த இடத்தில். எந்த மெட்டு யாருடையது? மெட்டெல்லாம் எம்.எஸ்.வி., வாத்தியச் சேர்ப்பெல்லாம் ராமமூர்த்தி என்று கத்தியால் வெட்டினாற்போலச் சொல்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். படத்தின் பெயர்ப்பட்டியல் அப்படிப் பிரித்துச் சொல்லவில்லை, ஆகவே அது கேட்டவர் ஊகம்தான். பிரிந்த பிறகு வந்த படங்களை வைத்து ஓரளவு நாமே தீர்மானிக்கலாம். ராமமூர்த்தி தனியாக 'சாது மிரண்டால்', 'தேன்மழை', 'மெட்ராஸ் டு பாண்டிச்சேரி', 'தங்கச் சுரங்கம்' போன்ற படங்களுக்கு இசையமைத்தார். அவற்றில் மெட்டு வறட்சி கொஞ்சமும் இல்லை, ஆகவே அவர் வெறும் வயலின் உதவியாளர் என்ற பேச்சு நிற்காது. எம்.எஸ்.வி. தனியாக 'அன்பே வா', 'சாந்தி நிலையம்', 'உலகம் சுற்றும் வாலிபன்' என்று போனார். அவற்றில் வாத்தியச் சேர்ப்பு இன்னும் விரிந்தது, ஆகவே இவர் மெட்டு மட்டும் தெரிந்தவர் என்ற பேச்சும் நிற்காது. என் காதுக்குப் படுவதை என் கருத்தாகவே எடுத்துக்கொள்ளுங்கள்: 1965-க்கு முந்தைய பாட்டுகளில் வயலின் கூட்டம் ஒரு பாடகர் மாதிரி, ஸ்வரத்தை அசைத்து வளைக்கும் கமகத்தோடு நெளிந்து வரும். பிந்தையவற்றில் அது அலை மாதிரி, பெரிய கோடுகளாக வரும். முதலாவதில் ஒரு வயலின்காரரின் விரல் தெரிகிறது என்று நினைக்கிறேன்.

எண்ணிக்கைகளையும் கவனமாகக் கேளுங்கள். எம்.எஸ்.வி. இசையமைத்த படங்கள் எழுநூறு என்பார்கள், ஆயிரம் என்பார்கள், ஆயிரத்து இருநூறு என்பார்கள். மொழிமாற்றுப் படத்தைச் சேர்ப்பதா, இரட்டையர் காலத்தை எப்படி எண்ணுவது என்று ஒவ்வொருவர் கணக்கும் வேறு. 'புதிய பறவை' படத்தின் 'எங்கே நிம்மதி' பாட்டுக்கு முந்நூறு வாத்தியம் வாசித்ததாக ஒரு கதை உலாவுகிறது. மோனோ பதிவைக் கேட்டு வாத்தியக்காரர்களைத் தலை எண்ண முடியாது. பெரிய வயலின் கூட்டம் கேட்கிறது, கோரஸ் கேட்கிறது, ஒரு மனிதனின் தலைக்குள் நடக்கும் கொந்தளிப்பு கேட்கிறது. பாட்டைப் புரிந்துகொள்ள அது போதும். தேசிய விருதும் பத்ம விருதும் கடைசிவரை அவருக்கு வரவில்லை என்பது மட்டும் கதையல்ல, உண்மை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனது ஆறுவதில்லை.

குரல்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முழுமையாகாது. எல்.ஆர்.ஈஸ்வரி கோரஸில் நின்றுகொண்டிருந்தவர். 'பாசமலர்' படத்தில் 'வாராயென் தோழி' பாடியது 1961-ல். அறுபது வருடம் தாண்டியும், மணப்பெண்ணை அழைத்து வரும் நேரத்தில் நாதஸ்வரமோ பேண்டு வாத்தியமோ அதை எடுக்காத கல்யாண மண்டபத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. வரவேற்புக் கச்சேரியில் நாங்கள் என்ன புதுப்பாட்டு தயார் செய்துகொண்டு போனாலும், பெண் வீட்டுப் பெரியம்மா ஒருவர் மேடை ஓரம் வந்து இதைத்தான் கேட்பார். பாட்டின் முகப்பைக் கீபோர்டில் தொட்ட உடனே பந்தியில் இருப்பவர்கள் கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். பி.பி.ஸ்ரீனிவாஸின் மென்மைக்கு இடம் கொடுத்தது, வாணி ஜெயராமுக்கு 'மல்லிகை என் மன்னன் மயங்கும்' கொடுத்தது, பாலசுப்ரமணியத்தின் இளங்குரலுக்கு 'இயற்கை என்னும் இளைய கன்னி' கொடுத்தது என்று சொல்லிக்கொண்டே போகலாம். தானும் பாடினார். இனிமையான குரல் என்று சொல்ல மாட்டேன். 1977-ல் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' படத்துக்கு ஜெயகாந்தன் எழுதிய 'கண்டதைச் சொல்லுகிறேன்' பாட்டை அவரே பாடியதைக் கேளுங்கள். அந்த வரிக்கு இனிமை தேவையில்லை, சொல்கிறவன் சொல்லை நம்ப வேண்டும், அவர் நம்பிச் சொல்கிறார்.

அடுத்த தலைமுறைக்கு என்ன போய்ச் சேர்ந்தது? 1976-ல் இளையராஜா வந்த பிறகு வாத்தியச் சேர்ப்பின் இலக்கணமே மாறிவிட்டது. எதிர்மெட்டு, கிதார், பேஸ் இவற்றுக்கு முன்பு இருந்த இடம் வேறு, இளையராஜா கொடுத்த இடம் வேறு. ஒலியைப் பொறுத்தவரை எம்.எஸ்.வி.யின் காலம் அங்கே முடிந்தது என்றே சொல்வேன். ஆனால் இளையராஜா எத்தனையோ மேடைகளில் எம்.எஸ்.வி.யைக் குருஸ்தானத்தில் வைத்துப் பேசியிருக்கிறார். 1986-ல் 'மெல்லத் திறந்தது கதவு' படத்துக்கு இருவரும் சேர்ந்தே இசையமைத்தார்கள். ஏ.ஆர்.ரஹ்மான் அவரைப் பாடகராக அழைத்துக்கொண்டார், 'சங்கமம்' படத்திலும், பிறகு 2002-ல் 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தின் 'விடை கொடு எங்கள் நாடே' பாட்டிலும். ஊரை விட்டுக் கிளம்பும் மக்களின் பாட்டுக்கு அந்த வயதான, கரகரத்த குரல் வேண்டும் என்று ரஹ்மானுக்குத் தோன்றியிருக்கிறது. 1970-ல் 'சொர்க்கம்' படத்துக்கு எம்.எஸ்.வி. போட்ட 'பொன்மகள் வந்தாள்' 2007-ல் 'அழகிய தமிழ் மகன்' படத்தில் புதுத் தாளத்தோடு திரும்பி வந்தது. தாளம், ஒலி, வேகம் எல்லாம் மாறியும் மெட்டு அசையாமல் நின்றது, காரணம் சொல் அதில் அவ்வளவு பொருந்தி உட்கார்ந்திருந்தது. இன்றைக்குச் சில பாட்டுகளில் 'அன்பு' என்பதன் குறில் நெடிலாக நீளும்போதும், வல்லினம் தாளத்தில் சிக்கி மெலியும்போதும் எனக்கு வயிறு கலங்கும். எல்லாப் பாட்டும் அப்படி இல்லை. சொல்லைக் கேட்டு மெட்டுப் போடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள், அவர்கள் கையில்தான் இந்த மரபு இருக்கிறது, அவர்கள் எம்.எஸ்.வி. பாட்டைக் கேட்டே இருக்காவிட்டாலும் கூட.

என் வேலை சம்பந்தப்பட்ட ஒரு கவலையோடு நிறுத்திக்கொள்கிறேன். அக்கார்டியனில் மங்களமூர்த்தி, ஃப்ளூட்டில் நஞ்சப்பா, கிதாரில் பிலிப்ஸ், டிரம்ஸில் நோயல் கிராண்ட், தபேலாவில் பிரசாத், உதவிக்கு ஜோசப் கிருஷ்ணா, கோவர்த்தனம், ஹென்றி டேனியல் என்று ஒரு படையே அவர் பின்னால் இருந்தது. அவர்கள் வாசித்த தாள்கள் எதுவும் என் கைக்கு வந்ததில்லை. எங்களைப் போன்ற ஒவ்வொரு குழுவும் காதால் கேட்டு மறுபடி எழுதிக்கொள்கிறது, ஒவ்வொருவர் தாளும் கொஞ்சம் கொஞ்சம் வேறு. நான் எழுதியவை நீலப் பைண்டு நோட்டுகளில் பதினேழு சேர்ந்திருக்கின்றன, அதில் ஆறு எம்.எஸ்.வி.யும் ராமமூர்த்தியும் மட்டும்.

உங்களுக்கு நேரம் இருந்தால் ஒரு காரியம் செய்யுங்கள். நல்ல ஹெட்ஃபோனில் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' படத்தின் 'சொன்னது நீதானா' பாட்டைப் போட்டு, முதல் தடவை சுசீலாவின் குரலைக் கேட்காமல் சிதாரை மட்டும் கேளுங்கள். குரல் நிற்கும் இடங்களில் அது என்ன சொல்கிறது என்று கவனியுங்கள். இரண்டாவது தடவை சிதாரை விட்டுவிட்டு, 'சொல்' என்ற அந்த ஒரே சொல் அடுத்தடுத்து வரும்போது நடுவில் விட்டிருக்கும் இடைவெளியை மட்டும் கவனியுங்கள். மூன்றாவது தடவை அப்பாவையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள்.